அவள் முடியில் என் வேண்டுதல்

என் மனைவியின் தலையில் அந்த முதல் வட்டத்தைக் கண்டவன் நான். கண்டதோடு நிற்காமல் சிரித்தவனும் நானே. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் போத்தனூர் ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தாவாக இருந்தேன். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, வாசலில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான் அவளைத் தாண்டும்போது பார்த்தேன். இடது காதுக்குப் பின்னால் காலணா அகலத்துக்கு ஒரு இடம், முடியே இல்லாமல் வழுவழுவென்று இருந்தது.

"ஏனம்மணி, ராத்திரி எலி வந்து தின்னுபோட்டுப் போயிருச்சா?" என்றேன்.

அவள் கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். அந்த விரல் அங்கேயே நின்றுவிட்டது. "ஏனுங்க, நல்லாப் பாத்துச் சொல்லுங்க, புண்ணா இருக்குதுங்களா?" என்றாள். புண் இல்லை, சிவப்பு இல்லை, பொடுகுகூட இல்லை. அங்கே முடி என்று ஒன்று இருந்ததே இல்லை என்பதுபோல் இருந்தது. "வந்துரும் போ" என்று சொல்லிவிட்டு வண்டி நேரமாயிற்று என்று ஓடினேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே இரண்டு போடலாம் என்று வருகிறது.

அவள் முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கல்யாணத்தில் அவளுக்குக் கொண்டை போட்ட பெண்கள் முடி கையில் அடங்கவில்லை என்று கூச்சல் போட்டார்கள். அவிழ்த்துவிட்டால் நுனி மட்டும் லேசாகச் சுருண்டு, வெயிலில் செம்பட்டையாகத் தெரியும். அவளுக்கு அதில் பெருமை உண்டு. ஒருநாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. ஆனால் சீப்பை எடுத்து உட்கார்ந்தால் அடுப்பில் பால் பொங்கினாலும் எழமாட்டாள்.

பங்குனிக்குள் வட்டம் மூன்றாயிற்று. சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது. வந்ததையெல்லாம் விரலில் சுற்றிச் சுருட்டி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். "அந்தக் குப்பைய எதுக்குச் சேத்தி வெக்கறே?" என்று ஒருநாள் கேட்டேன். "கெடக்கட்டுமுங்க" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. ஒரு பார்சல் அரைநாள் தாமதமானால் ஈரோடுவரை தந்தி கொடுப்பவன் நான். ஆகவே உடனே அவளைக் கோயமுத்தூருக்கு அழைத்துப்போய் இங்கிலீஷ் வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரிடம் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். வட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி வெள்ளைக் காகிதத்தில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். நுனி தடித்து, அடிப்பக்கம் மெலிந்து போயிருந்தது.

"ஊர்ல இதப் புழுவெட்டும்பாங்க. புழுவும் இல்ல, வெட்டும் இல்ல. காய்ச்சலுக்கு அப்புறமும் பிரசவத்துக்கு அப்புறமும் கொட்டறது வேற. அது தலை முழுக்க ஒரே சீராக் கொட்டும், தானாத் திரும்பிரும். ஆம்பளைக்கு நெத்தி ஏர்றது வேற, அது வம்சத்துல வர்றது." இதைச் சொல்லும்போது அவர் என் நெற்றியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இவங்களுக்கு வந்திருக்கறது ரெண்டுமில்ல. வேர் சாகல, தூங்குது. ஒட்டுவாரொட்டியும் இல்ல."

"எப்ப முழிக்குமுங்க?" என்று அவள் கேட்டாள்.

"தெரியலம்மா. ஆறு மாசத்துலயும் வரலாம், ஒரு வருஷமும் ஆகலாம். சில பேருக்கு வராமலும் போயிருது. ஏன் வருது, ஏன் போகுதுன்னு எங்களுக்கே தெரியாது."

ஸ்பிரிட் வாசனை அடிக்கும் ஒரு சிவப்பு மருந்தைக் கொடுத்து, இதுவும் வேரை எழுப்பும் என்று உறுதி சொல்ல முடியாது, தடவிப் பாருங்கள் என்றார். வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். சீமைப் புத்தகமெல்லாம் படித்த மனுஷன் வாய்கூசாமல் தெரியாது என்கிறாரே என்று ரயில் ஏறும்வரை திட்டினேன். அவள் மருந்துப் புட்டியை முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "தெரியாததத் தெரியாதுன்னு சொல்றாரு, அதுல என்னங்க தப்பு?" என்றாள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது.

சிவப்பு மருந்து எரிந்தது. வட்டங்கள் செக்கச் சிவந்தன, முடி வரவில்லை. அதை நிறுத்திவிட்டு நாட்டு வைத்தியத்தில் இறங்கினேன். தாராபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாமியார் வீட்டிலிருந்து, அமராவதி ஆற்றோரம் விளைந்த ஆற்றுத்தும்மட்டிக் காய் ஒரு சாக்கு நிறைய வந்தது. என் பார்சல் ஆபீசுக்கே வந்து, நானே கையெழுத்துப் போட்டு எடுத்தேன். காயை இரண்டாக நறுக்கி வட்டத்தில் தேய்க்க வேண்டும். தேய்த்தேன். கொப்புளம் வந்தது. கொப்புளம் ஆறியதும் சின்ன வெங்காயம். அதன் சாற்றில் அவள் கண்ணும் என் கண்ணும் சேர்ந்து ஒழுகும். அப்புறம் என் கையில் தினமும் ஏறி இறங்கும் பார்சல்களிலேயே ஒரு கூந்தல் தைலம் இருந்தது. பெட்டியின்மேல் முழங்கால்வரை முடி தொங்கும் ஒரு பெண்ணின் படம். அதையும் வரவழைத்தேன். தலையணை மல்லிகை வாசனை அடித்தது. காலையில் அதே தலையணையில் முடி கிடந்தது.

ஆனி மாதம் மச்சினனுக்குப் பெண் நிச்சயமாயிற்று. கல்யாணம் தை மாதம். அவளுக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளைக்கு இணையாக அவன் சகோதரியை நிறுத்துவார்கள். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவன் கையில், மறு தலைப்பு அவளிடம். அவளுக்குப் பட்டுடுத்தி, நகை போட்டு, கொண்டை நிறையப் பூ வைத்து, மணப்பெண் பந்தலுக்கு வருவதற்கு முன்னால் ஊரே அவளைத்தான் பார்க்கும். தம்பி பிறந்த நாளிலிருந்து ஒரு அக்காள் எதற்காகக் காத்திருப்பாள் என்றால் இதற்காகத்தான். முக்காடு போட்டுக்கொண்டு அங்கே நிற்க முடியாது. அது இழவு வீட்டுக் கோலம்.

நிச்சயத்துக்குப் போய்வந்த அன்று அவள் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றி, தரையில் வைத்து, இன்னொரு சின்னக் கண்ணாடியைப் பின்னால் பிடித்து, தலையை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவோரத்தில் நின்றேன். திரும்பி வெளியே போய்விட்டேன்.

கோயமுத்தூர்க் கோட்டைமேட்டில் யுனானி வைத்தியம் பார்க்கும் ஒரு ஹக்கீம் இருப்பதாகக் கூடவேலை செய்தவர் சொன்னார். வயதான மனிதர், பேச்சு எங்களைப் போலவே இருந்தது. அவள் தலையைத் தொடாமலேயே பார்த்துவிட்டு, ஒரு கருப்பு எண்ணெயைக் கொடுத்தார். "எண்ணெய் நான் தர்றேனுங்க. சூடு பறக்கத் தேய்க்க வேண்டாம், மெதுவாத் தடவுனாப் போதும். முடியக் குடுக்கறவன் மேல இருக்கான், அவனை அவசரப்படுத்தாதீங்க" என்றார். நான் பாதியைக் கேட்டேன், பாதியை விட்டுவிட்டேன். மேலே இருக்கிறவனிடம் நேராகவே கேட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது.

அந்த ஆனிக் கடைசியில் கொடுமுடி நிலையத்துக்கு என்னை ஒரு வாரம் மாற்று வேலைக்கு அனுப்பினார்கள். காவிரியில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். சன்னிதியில் நின்று வாய்விட்டு வேண்டினேன். ஆடிப் பதினெட்டுக்கு அவளைக் கூட்டிவந்து முழு மொட்டை போடுகிறேன், தைக்குள் அடர்த்தியாக முடி வர வேண்டும். இவ்வளவுதான். பார்சல் ரசீது எழுதுவதுபோல் அளவு, தேதி, சேருமிடம் எல்லாம் தெளிவாகச் சொன்னேன். மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். முருங்கையை வெட்டிவிட்டால் தழைப்பதில்லையா? ஆடியிலிருந்து தை, ஆறு மாதம். கணக்குச் சரியாக இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து, நல்ல சேதி கொண்டுவந்தவன்போல் அவளிடம் சொன்னேன்.

அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது. "எம்பட முடிய வெச்சு நீங்க வேண்டிக்கிட்டீங்களா?" என்றாள்.

"உனக்காகத்தானம்மணி."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நான் கத்தினேன். உன் தம்பி கல்யாணத்தில் நீ தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்றுதானே அலைகிறேன், என்னைப் பார்த்தா இப்படிக் கேட்கிறாய் என்று கத்தினேன். அவள் இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் நாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "சாமிகிட்டச் சொல்லிப்போட்டீங்க. இனி நான் மாட்டேன்னு சொல்லி, எந்தம்பி கல்யாணத்துல எதாச்சும் ஆயிருச்சுன்னா எம்பட மேலதான் வரும். வாரேன்."

வேண்டுதலை மாற்றினால் சாமிக் குத்தம் ஆகும் என்று எனக்கும் பயம். ஆனால் அவள் சம்மதித்ததை என் வாதத்துக்குக் கிடைத்த வெற்றி என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆடிப் பதினெட்டன்று கொடுமுடிப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. காவிரி இரண்டு கரையும் தொட்டுப் போனது. புதுமணப் பெண்களெல்லாம் தாலிச்சரடு மாற்றிக்கொண்டு, மஞ்சள் பூசிக்கொண்டு, சிரித்துக்கொண்டிருந்தார்கள். முடி இறக்கும் இடத்தில் ஒரு நாவிதர் என் மனைவியை உட்காரச் சொல்லி, கொண்டையை அவிழ்த்துப் பார்த்தார். முடியை ஒதுக்கி ஒதுக்கி ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தார். பிறகு கத்தியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"ஏனுங்க, இது புழுவெட்டுங்க. மேல இத்தன முடி இருக்குது, வட்டமெல்லாம் அதுக்குள்ள மறைஞ்சுதான் கெடக்குது. பொம்பளைங்களுக்குப் பூமுடி குடுத்தாப் போதுமுங்க. மூணு விரக்கடை நுனியில எடுத்துச் சாமிக்கு வெச்சரலாம். சாமி ஒண்ணும் கோவிச்சுக்காதுங்க."

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. அதைப் பார்க்காததுபோல் நின்றேன் என்று சொன்னால் பொய். நன்றாகப் பார்த்தேன்.

"முழு மொட்டைன்னு வேண்டியிருக்கறேனுங்க" என்றேன்.

நாவிதர் கத்தியைத் திரும்ப எடுத்தார். தண்ணீர் தொட்டு நெற்றியில் வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முடி மடியிலும் கல்லிலும் விழுந்தது. மொட்டைத் தலையில் அந்த வட்டங்கள் இன்னும் வெளுப்பாக, எண்ணிப் பார்க்கும்படி தெரிந்தன. ஏழு. முடி இருந்தவரை நான் நான்குதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு நாள்களை நான் எண்ணிய மாதிரி யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். முடி வந்தது. எங்கே ஏற்கெனவே இருந்ததோ அங்கே மட்டும் வந்தது. மழைக்குப் பிறகு களத்தில் திட்டுத் திட்டாகப் புல் முளைத்ததுபோல் இருந்தது. அடர்த்தியும் கூடவில்லை. ஐப்பசியில் உச்சியில் இன்னொரு வட்டம் விழுந்து, பக்கத்து வட்டத்தோடு சேர்ந்துகொண்டது. வாசலுக்கு வருவதை அவள் நிறுத்திவிட்டாள். கும்பாவைத் தேய்க்கப் போனாலும் தலையில் துண்டு. எங்கள் ரயில்வே குடியிருப்பு வரிசையில் இருந்த ஒரு எஞ்சின் டிரைவரின் மனைவி, ஆங்கிலோ இந்தியப் பெண், கழுத்தோடு முடியைக் கத்தரித்துக் கவுன் போட்டிருப்பவள். ஒருநாள் துண்டு நழுவியபோது பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு, இப்ப எங்க ஆளுங்க எல்லாம் இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அதைச் சொல்லும்போது என் மனைவி சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அந்த ஒருமுறைதான்.

மார்கழிக் கடைசியில் தம்பி கல்யாணத்துக்கு அழைக்க வந்தான். அக்காளைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள். அவன் நல்ல பையன், சமாளித்துக்கொண்டான்.

"அக்கா, நீ எப்பிடி இருந்தாலும் நீதான் எம்பட பக்கத்துல நிக்கோணும். ஆரு என்ன சொன்னா என்ன?"

"உம்பட கல்யாணத்துல எல்லாரும் எம்பட தலையத்தான் பாப்பாங்க. உம்பட பொண்டாட்டிய ஆரும் பாக்கமாட்டாங்க. அது வேண்டாந் தம்பி. பெரியப்பா மகளை நிக்கச் சொல்லு. முறைதான், தப்பில்ல. எனக்குக் காய்ச்சல்னு சொல்லிப்போடு."

அவன் என்னைப் பார்த்து, "மாமா, நீங்க சொல்லுங்க" என்றான். அந்த வீட்டில் எதையும் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டேன். அவன் அழுதுகொண்டே போனான்.

அவன் போன பிறகு அவள் பரணிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். உள்ளே சுருட்டிய முடி இல்லை. அழகாகச் சேர்த்துக் கட்டிய ஒரு சவரி இருந்தது. முழங்கையிலிருந்து விரல்நுனிவரை நீளம், நுனியில் லேசான சுருள், செம்பட்டை.

"கோயமுத்தூர்ல சவரி கட்டற அம்மாகிட்டக் குடுத்துக் கட்டினதுங்க. கொட்டுனதெல்லாம் எம்பட முடிதானுங்களே. இதோட சேத்துக் கொண்டை போட்டாத் தம்பி கல்யாணத்துக்கு நிக்கலாம்னு நெனச்சிருந்தேன். பின்னாடி ஒரு பிடி முடி இருந்தாப் போதுமுங்க, இதைக் கட்டிரலாம்."

"எப்பக் கட்டினே?"

"ஆனியிலங்க. நிச்சயத்துக்குப் போயிட்டு வந்ததுக்கு அப்புறம். நீங்க கொடுமுடிக்குப் போயிருந்தீங்க."

அதாவது நான் சன்னிதியில் நின்று அவள் முடியைக் கேட்காமல் கொடுத்துக்கொண்டிருந்த அதே வாரம். டாக்டர் வேர் தூங்குகிறது என்றார், ஹக்கீம் அவசரப்படுத்தாதே என்றார், நாவிதர் மூன்று விரக்கடை போதும் என்றார். இவள் யாரையும் கேட்காமல், யாரையும் நோகாமல், உதிர்ந்ததை வைத்தே ஒரு வழி செய்து வைத்திருந்தாள். நான் ஒருவன்தான் வைத்தியம் செய்துகொண்டிருந்தேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்க."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதிலுக்குக் கத்தத் தெரியும். அன்று நான் தேம்பித் தேம்பி அழுதேன். அவள் சவரியை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்தாள்.

"போகும்போது இதக் கொண்டுபோங்க. பெரியப்பா மகளுக்கு எலிவால் மாதிரி நாலே முடி. வெறுங்கொண்டையோட எந்தம்பி பக்கத்துல நிக்க வேண்டாம்."

நான் மட்டும் போனேன். இரண்டு பேரும் போகாவிட்டால் ஊர் என்னென்னவோ பேசும். வழியெல்லாம் அந்தத் துணிமூட்டையை மடியிலேயே வைத்திருந்தேன். எத்தனையோ பேர் பெட்டியை எங்கெங்கோ சேர்ப்பித்திருக்கிறேன். இதைச் சேர்ப்பிக்க என் கை வரவில்லை. மாமியாரிடம் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்த்ததும் யாருடைய முடி என்று கண்டுகொண்டார். வந்திருந்த ஒரம்பரைச் சனங்கள் ஒவ்வொருவரும், "ஏனுங் மாப்பிள்ளை, அம்மணி வரலீங்களா?" என்று கேட்டார்கள். காய்ச்சலுங்க, காய்ச்சலுங்க என்று நாற்பது பேருக்குச் சொல்லியிருப்பேன்.

இணைச்சீருக்குக் கூப்பிட்டார்கள். பெரியப்பா மகள் பட்டுச்சேலையில் வந்து நின்றாள். கூறைச்சேலையின் தலைப்பைக் கையில் வாங்கினாள். மச்சினன் அவளைப் பார்க்காமல் நேராகவே பார்த்துக்கொண்டு நின்றான். நான் பின்வரிசையில் இருந்தேன், எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. பெரிய கொண்டை. சுற்றிலும் மல்லிகையும் மரிக்கொழுந்தும். கொண்டைக்குக் கீழே அடங்காமல் ஒரு கற்றை மட்டும் வெளியே வந்து, நுனியில் சுருண்டு, பந்தல் இடுக்கில் விழுந்த வெயிலில் செம்பட்டையாகத் தெரிந்தது. என் மனைவி அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவளைத் தவிர அவளுடையதெல்லாம் அங்கே இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "என்னங்க மாப்பிள்ளை, கண்ணு கலங்குது?" என்றார். ஓமப்புகை என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் கல்யாணத்தில் ஓமம் கிடையாது.

போத்தனூருக்குத் திரும்பியபோது மத்தியானம். அவள் கதவைத் திறந்து, என் கையிலிருந்த பலகாரத் தூக்கை வாங்கிக்கொண்டாள். தம்பி எப்படி இருந்தான், பெண் எப்படி, சாப்பாடு என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை.

"பூ நின்னுச்சுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"நின்னுச்சு" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு எனக்குத் தண்ணீர் எடுத்துவரப் போனாள்.

முடி வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. சித்திரையில், எந்த மருந்தும் எந்த எண்ணெயும் இல்லாமல் வந்தது. முதலில் வட்டங்களில் பூனைமயிர் மாதிரி வெள்ளையாக, பிறகு ஒவ்வொன்றாகக் கருத்து. டாக்டர் சொன்ன ஒரு வருஷம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவளே என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினாள். எனக்குச் சந்தோஷத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை. "அம்மணி, கொடுமுடிக்கு வந்து..." என்று ஆரம்பித்தேன். அவள் தன் கையால் என் வாயைப் பொத்தினாள்.

"இனிமே எம்பட பேர்ல எதையும் வேண்டிக்காதீங்க" என்றாள்.

சரி என்றேன். சில வருஷம் கழித்து அவள் விஷக்காய்ச்சலில் நினைவில்லாமல் பதினோரு நாள் கிடந்தாள். டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு சாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார்கள். நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, அந்தக் கொண்டையைத் தொட்டுக்கொண்டு, வாய்வரை வந்த வேண்டுதலையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தேன்.